அரக்கில் ஒட்டிய அம்மோனைட்

பாரி ஐந்தரைக்கு எழுந்தான். பாயைச் சுருட்டினான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். பால் பொங்குவதற்குள் சட்டைக்கு இஸ்திரி போட்டான். காபியை நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு ஒரு பழைய பனியன் துணியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான். சனிக்கிழமையானால் அலமாரியைத் துடைப்பான்.

கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. மூன்று தட்டிலும் கல். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் குவாரிகளில் பொறுக்கிய அம்மோனைட்டுகள். பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கமெல்லாம் கடல். அதில் நீந்திய பிராணியின் சுருண்ட ஓடு மண்ணில் புதைந்து கல்லாகிக் கிடந்தது. சிலது பொத்தான் அளவு. சிலது வடை அளவு. நடுத்தட்டில் இருப்பதுதான் பெரியது, சாப்பாட்டுத் தட்டு அகலம். சாய்வான தேக்குப் பலகையில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைத் துடைக்க அவனுக்கு ஒரு முறை உண்டு. துணியை நடுப்புள்ளியில் வைத்து, சுருள் போகிற வழியிலேயே வெளியே கொண்டுவருவான். மேலே, இடப்பக்கம், கீழே, வலப்பக்கம், மறுபடி மேலே.

இன்று துணியை வைக்க இடமில்லை. பலகை நின்றது. கல் இல்லை.

பாரி அலமாரிக்கு அடியில் பார்த்தான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். வாசல் பூட்டைப் பார்த்தான். பூட்டில் கீறல்கூட இல்லை. நேற்று மாலை வேலை முடிந்து வந்தவன் கூடத்து விளக்கைப் போடவே இல்லை. நேராகப் போய்ப் படுத்துவிட்டான். அலமாரியைப் பார்த்தது நேற்றுக் காலையில். அப்போது கல் இருந்தது.

அந்தக் கல் எழில்மொழியின் கல். கல்யாணம் ஆன மூன்றாம் மாதம் குவாரிச் சரிவில் அவளே கண்டுபிடித்து, புடவைத் தலைப்பில் கட்டித் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினாள். பெஞ்சில் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். டிக்கெட் பரிசோதகர் இது என்ன என்று கேட்டதற்கு, "கடம்பாவுக்குக் கொள்ளுத் தாத்தா சார்" என்றாள். சென்னையில் கணவாய் மீனுக்குக் கடம்பா என்று பேர். இரண்டும் ஒரே வம்சம்தான். வீட்டுக்கு வந்ததும் மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி, விரலைச் சுட்டுக்கொண்டு, பலகையில் அவளே ஒட்டினாள். ஒரு முகத்தில் விளிம்பு உடைந்திருந்தது. அந்த முகம் பலகைப் பக்கம் போயிற்று. நல்ல முகம் வெளியே.

போன வருஷக் கடைசியில் அவள் ரத்தப் புற்றில் போனாள். அவள் அறிவியல் பாடம் எடுத்த பள்ளியில் ஓர் அறைக்கு அவள் பெயரை வைத்து, அவள் சேர்த்த கற்களை அங்கே அடுக்கப்போகிறார்கள். இன்று மாலை நான்கு மணிக்குப் பள்ளி வேன் வரும். எல்லாக் கல்லும் வந்து பெரியது வராவிட்டால் அந்த அறை எதற்கு என்று பாரிக்குத் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை. கொஞ்ச மாதங்களாகவே அவனுக்கு அழுகையும் வருவதில்லை, கோபமும் வருவதில்லை. கணக்குப் போட மட்டும் வந்தது.

பலகையை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தான்.

பலகையின் நடுவில் அரக்கு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. ஆனால் உடைந்த அரக்கு இல்லை. கிழங்கை நூலால் அறுத்ததுபோல வழவழப்பாக இருந்தது. மேலே மெல்லிய வரிகள், எல்லாம் ஒரே பக்கமாக. அரக்கைச் சுற்றிப் பாலிஷ் வெளுத்துப் பூத்திருந்தது. பலகையில் உளி பட்ட தடமே இல்லை. சின்னக் கற்கள் ஒன்றுகூட நகரவில்லை.

எண்ணூர் சாலையில் ஒரு பெயின்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு வேலை. வெளுத்த பாலிஷை நாளெல்லாம் பார்ப்பவன். சூடான ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் பாலிஷ் இப்படித்தான் பூக்கும். அரக்கும் இளகும். இளகிய பிறகு கல்லுக்கும் பலகைக்கும் நடுவே தூண்டில் நரம்பை விட்டு அறுத்திருக்கிறார்கள். கல்லுக்கு ஒரு சிராய்ப்புகூட ஆகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை.

வீட்டுச் சாவி மூன்று. ஒன்று அவனிடம். ஒன்று கீழ்ப்போர்ஷனில் இருக்கும் வீட்டுக்காரர் திருமலையிடம். மூன்றாவது பவுனம்மாளிடம்.

திருமலை ஒரு காலத்தில் இரண்டு விசைப்படகு வைத்திருந்தவர். இப்போது படகு இல்லை, குரல் மட்டும் அதே அளவில் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"இதுல துப்பு தொலக்க இன்னா கீது நைனா? நேத்து மதியம் கல்லு வெக்கிற பெட்டிக்கு அளவு எடுக்க அந்த பாய் வந்தான்ல? ஹுமாயூன். நான்தான் கதவத் தொறந்து வுட்டேன்."

"கூடவே இருந்தீங்களாண்ணே?"

"கொஞ்ச நேரம் நின்னுகினு இருந்தேன். கீய டிவில மேட்ச். எறங்கிட்டேன்."

"எவ்வளவு நேரம் அவர் தனியா இருந்தாரு?"

"ரெண்டு விக்கெட் வுழுந்துச்சி. அவ்ளோ நேரம். மறுபடி வந்தேன், அவன் டேப்ப சுருட்டிகினு இருந்தான். அனுப்பிட்டு நானே பூட்டிகினேன்."

"போகும்போது கையில என்ன இருந்தது?"

"கருவிப் பை. இம்மாம் பெரிய பை. ஒரு கல்லு இன்னா, உன் அலமாரியவே உள்ள தள்ளலாம்."

"பூட்டுறதுக்கு முன்னாடி அலமாரியப் பாத்தீங்களா?"

திருமலை யோசித்தார். "மூணு விக்கெட்டாயிடப் போவுதேன்னு எறங்கிட்டேன்பா."

பாரி அவர் முகத்தைப் பார்த்தான். "அந்தக் கல்லை நீங்களும் கேட்டீங்களேண்ணே. பூஜையில வெக்கணும்னு."

"ஆமா கேட்டேன். இல்லன்னு யாரு சொன்னா? பெருமாள் கல்லு மாரி கீதேன்னு ஒரு ஆசை. அப்பால ஒரு நாளு கண்ணாடிகிட்ட நின்னு நல்லாப் பாத்தேன். இடம்புரி. சுழி இப்டி எடப்பக்கமா போவுது." காற்றில் விரலால் வரைந்தும் காட்டினார். "பூஜைக்குன்னா வலம்புரிதான். இடம்புரிய வூதலாம், வூட்ல வெச்சி கும்புட முடியாது. அத்தோட ஆசைய வுட்டேன்." பிறகு குரலை உயர்த்தினார். "இன்னாபா, என்னையே நோண்டுற? ஸ்டேஷன்ல எனக்கு ஆளு கீது. ஒரு போன் போட்டா அந்த பாய இட்டுகினு போயி ஒக்கார வெப்பாங்க. சாய்ங்காலத்துக்குள்ள கல்லு வந்துரும்."

"வேண்டாம்ணே. வேன் வர்ற வரைக்கும் எனக்கு டைம் குடுங்க."

"வந்தப்பறம்?"

"அப்புறம் உங்க இஷ்டம்."

ஒன்பதரை மணிக்குத் தேரடிக்குப் பக்கத்தில் இருந்த ஹுமாயூனின் தச்சுப் பட்டறைக்குப் போனான். பலகையைத் துணிப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தான். ஹுமாயூனுக்குத் தலையிலும் புருவத்திலும் மரத்தூள். பெட்டி பாதி முடிந்திருந்தது. உள்ளே சின்னச் சின்ன அறைகள், நடுவில் ஒரு பெரிய வட்டம்.

பாரி நடந்ததைச் சொன்னான். ஹுமாயூன் இழைப்புளியைக் கீழே வைத்தான்.

"என்னிய சந்தேகப்படறீங்களா சார்?"

"வீட்டுக்காரர் படறாரு."

"அவரு நாலு வருசமா கட்டிலுக்குக் கால் மாத்தணும்னு சொல்லிகினே கீறாரு. நாலு வருசமா என்னியும் சந்தேகந்தான் படறாரு." நடு வட்டத்தைத் தட்டிக் காட்டினான். "எட்த்துகினு போறவன் அதுக்கு எடம் வெட்டுவானா சார்? இந்த வட்டத்துக்கே ராத்திரி பூரா தூக்கம் போச்சி."

"சும்மா கணக்குக் காட்டவும் வெட்டலாம்."

"அது சரி. எனக்கு அவ்ளோ மூளை இருந்தா நான் ஏன் மரத்தூள் துன்னுகினு கீறேன்?"

பாரிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். உதடு லேசாக அசைந்தது. பலகையைப் பையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"அரக்குல ஒட்டுன ஒரு பொருளைக் கழட்டணும்னா எப்படிக் கழட்டுவீங்க பாய்?"

"உளியக் கொஞ்சம் சூடு காட்டி, ஓரத்துல வெச்சி ஒரு தட்டு. வந்துரும்."

"தண்ணி?"

"பாலிஷ் மேலயா? நான் போட்ட பாலிஷ் மேல நானே சுடுதண்ணி ஊத்துவனா?"

பாரி எதிர்பார்த்த பதில்தான். தான் வெறும் தண்ணி என்றுதான் கேட்டோம், சுடுதண்ணி என்று ஹுமாயூனே சொன்னான் என்பதையும் கவனித்தான். ஒரு நிமிஷம் அது உறுத்தியது. அரக்கு சூட்டுக்குத்தான் இளகும், அது தச்சனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டான்.

"கடைசியா ஒண்ணு. அந்தக் கல்லு எந்தப் பக்கமாச் சுத்தியிருக்கும், ஞாபகம் இருக்கா?"

"அகலம் பாத்தேன், ஒயரம் பாத்தேன். அது எந்தப் பக்கம் சுத்துனா எனக்கின்னா சார்? நீங்க தேடுங்க. நான் வட்டத்த அடைக்க மாட்டேன்."

பட்டறையை விட்டு வெளியே வந்தபோது, அந்தக் கடைசி வார்த்தைக்காக அவனுக்கு நன்றி சொல்லியிருக்கலாமே என்று பாரிக்குத் தோன்றியது. திரும்பிப் பார்த்தான். இழைப்புளிச் சத்தம் தொடங்கிவிட்டிருந்தது.

பவுனம்மாள் கடலோரச் சாலையில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். கன்டெய்னர் லாரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. புகைக்கும் ஹாரனுக்கும் நடுவே பலகையில் சங்கராவும் கடம்பாவும் பரப்பியிருந்தாள்.

"இன்னா பவுனு, சங்கராவ தங்கத்துல செஞ்சியா? இந்த வெல சொல்ற?"

"தங்கம் எறங்கிட்ச்சாம்மா. நீ போயி அத்த வாங்கி கொயம்பு வையி."

வாங்க வந்தவள் முணுமுணுத்துக்கொண்டே பையை நீட்டினாள். பவுனம்மாள் சிரித்துக்கொண்டே போட்டாள். பாரியைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு முக்காலியைத் தள்ளினாள்.

"ஒக்காரு தம்பி. துன்னியா?"

அவளுடைய சொந்த வீடு ஒரு காலத்தில் கடலோரத்தில் இருந்தது. கடல் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, தெருவின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில்தான் அவள் வீடு. பிறகு பாறாங்கல் கொட்டி அலையைத் தடுத்தார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் ஒற்றை அறையில் வாடகைக்கு வந்தாள். எழில் படுக்கையில் விழுந்த பிறகு, மீன் விற்று முடித்துவிட்டு மதியமெல்லாம் அவளோடுதான் இருந்தாள். கேட்காமலே வந்தாள். சாவியை அப்போது கொடுத்தது. இப்போதும் தண்ணீர் லாரி வரும்போது பாரி வேலையில் இருப்பான் என்று அவனுடைய ட்ரம்மையும் அவளே நிரப்பிவிட்டுப் போகிறாள். அவன் நன்றி சொன்னதில்லை. அவளும் எதிர்பார்த்தவளாகத் தெரியவில்லை.

"பெரிய கல்லைக் காணோம்க்கா."

அவள் கை மீன் மேலேயே நின்றது.

"இன்னாபா சொல்ற? டீச்சரு கல்லா?"

"நேத்து வந்தீங்களா?"

"லாரி வந்திச்சே. ட்ரம்ம ரொப்பிட்டு எறங்கிட்டேன். கூடத்துப் பக்கமே போவல."

"மேல யாரையாச்சும் பாத்தீங்களா?"

"பாய் போயிட்ருந்தான். நான் வர்றப்ப வூடு பூட்டிதான் இருந்திச்சி."

"பாய் எடுத்திருப்பாரா?"

"சேச்சே." உடனே சொன்னாள். கொஞ்சம் வேகமாகவே சொன்னாள். "அவன் எடுக்க மாட்டான். நீ அவன் மேல பழி போடாத. அந்தப் பாவம் வாணாம்."

"அப்ப யாரு?"

அவள் ஈ ஓட்டினாள். "பேஜாரு படாத தம்பி. அது வலம்புரி. வலம்புரி கெட்ட கைக்குப் போவாது. எங்க கீதோ அங்க நல்லதுதான் பண்ணும்."

"ஆமாக்கா" என்றான் பாரி. எழுந்தான். ரெண்டடி நடந்தவன் நின்றுவிட்டான். ஒரு லாரிக்காரன் அவனைத் தாண்டிப் போக ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

திருமலை சொன்னது இடம்புரி. பவுனம்மாள் சொன்னது வலம்புரி. இரண்டு பேரும் கடல்காரர்கள். சங்கின் சுழியை எட்ட நின்றே சொல்லக்கூடிய கண்கள். அதில் தடுமாறவே மாட்டார்கள். இரண்டு பேரும் பொய்யும் சொல்லவில்லை. அவரவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள்.

பாரி வீட்டுக்குத் திரும்பினான். திருமலை படிக்கட்டிலேயே காத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாபா? பாய் ஒத்துகினானா?"

"பாய் இல்லண்ணே." பலகையை எடுத்து வெளுத்த இடத்தைக் காட்டினான். "இது சுடுதண்ணித் துணி போட்ட தடம். ரெண்டு விக்கெட் விழற நேரத்துல அடுப்பு பத்தவெச்சு, தண்ணி காயவெச்சு, துணிய மாத்தி மாத்திப் போட்டு அரக்கை இளக்க முடியுமா? அவருகிட்ட உளி இருந்தது. ஒரு தட்டு தட்டியிருந்தா போதும். இதுல உளித் தடமே இல்ல. நரம்பு வெச்சு அறுத்திருக்காங்க."

"நரம்பா? தூண்டி நரம்பா?" திருமலையின் முகம் மாறியது. "அப்ப என்னியத்தான சொல்ற?"

"நீங்க இடம்புரின்னு சொன்னப்பவே உங்கள விட்டுட்டேன்."

"அது இன்னாபா கணக்கு?"

"கல்லு இருக்கிற இடம் எனக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணே. நல்ல இடத்துலதான் இருக்கு. ஸ்டேஷனுக்குப் போன் வேண்டாம். பாய் பெட்டி கொண்டாந்தா ஒரு சோடா வாங்கிக் குடுங்க."

"நான் இன்னாத்துக்கு சோடா குடுக்கணும்?" என்று கத்தினார் திருமலை. ஆனால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு மணிக்குப் பவுனம்மாள் மீன் பலகையைக் கழுவிச் சாய்த்துவிட்டு உள்ளே இருந்தாள். ஒற்றை அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பின்பக்கம் பாறாங்கல்லில் அலை மோதும் சத்தம் தரையில் உட்கார்ந்தால் முதுகில் தெரிந்தது. பாரி தரையில்தான் உட்கார்ந்தான். ஜன்னல் விளிம்பில் ஒரு கொசுவத்தி டப்பா இருந்தது. அதை எடுத்தான்.

"பகல்லயே கொசுவாபா?"

"இல்லக்கா. ஒண்ணு காட்டணும்."

ஒரு சுருளை எடுத்துத் தரையில் வைத்தான். நடுவில் விரலை வைத்து வெளியே ஓட்டினான்.

"எந்தப் பக்கம் போகுது?"

"எடப்பக்கம்."

சுருளை எடுத்துத் தோசையைப் போலத் திருப்பிப் போட்டான். மறுபடி விரலை ஓட்டினான்.

"இப்ப?"

பவுனம்மாள் குனிந்து பார்த்தாள்.

"சங்கு இப்படி இல்லக்கா. அதை எப்படித் திருப்பினாலும் வலம்புரி வலம்புரிதான், இடம்புரி இடம்புரிதான். அதனாலதான் ஒரு தடவை பாத்தா போதும்னு உங்களுக்குப் பழக்கம். இந்தக் கல்லு சங்கு ஜாதி இல்ல. கொசுவத்தி மாதிரி தட்டையாச் சுத்தியிருக்கும். ஒரு முகத்துல இடம், மறு முகத்துல வலம். இத்தனை வருஷமா அலமாரியில எல்லாரும் பாத்தது இடம். திருமலை அண்ணன் அதைத்தான் பாத்தாரு. வலப்பக்கம் சுத்துற முகம் பலகையோட ஒட்டியிருந்தது. அதை எழில் பாத்திருக்கா, ஒட்டறதுக்கு முன்னாடி. நான் பாத்திருக்கேன். அப்புறம் பாத்தவங்க ஒருத்தர்தான். அதைக் கழட்டினவங்க."

அலை இரண்டு முறை வந்து போயிற்று.

"சுடுதண்ணி போட்டது எதுக்குன்னும் தெரியும். கல்லுக்கு வலிக்கக் கூடாதுன்னு. வேற யாரும் அப்படிக் கழட்டியிருக்க மாட்டாங்க."

பவுனம்மாள் எழுந்தாள். மூலையில் இருந்த அரிசி டின்னைத் திறந்து, கையை உள்ளே விட்டுக் கல்லை எடுத்தாள். முந்தானையால் அரிசியைத் தட்டிவிட்டு அவன் முன்னால் வைத்தாள். உடைந்த விளிம்பு மேலே இருந்தது. சுருள் வலப்பக்கமாகப் போயிற்று.

"அப்ப இது வலம்புரி இல்லியா?" என்றாள். பிடிபட்டதை விட அதுதான் அவளை உறுத்தியது போலிருந்தது.

"ரெண்டும்தான்க்கா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் திருடலபா. டீச்சரு எனக்குக் குடுத்திச்சி."

பாரி நிமிர்ந்தான்.

"கடசி நாளு. நீ டூட்டில இருந்த. மதியானம் நான்தான் கூட இருந்தேன். நான் எப்பவும் கேப்பேன்ல, அரியலூர்ல இருந்த கடலு எங்க பூட்ச்சின்னு. அது சொல்லும், 'பின்வாங்கிடுச்சுக்கா, ஒரு நாள் இதுவும் பின்வாங்கும், உங்க தெரு திரும்பி வரும்'னு. வெளாட்டுக்குத்தான் சொல்லும். எனக்கு அத்தக் கேக்கப் புடிக்கும். அன்னிக்கு அலமாரியக் காட்டி, 'பெரிசு உங்களுக்குக்கா, அவருகிட்ட நான் சொல்லிடறேன்'னிச்சி. நீ வர்றதுக்குள்ள அது பூட்ச்சி."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"எப்டிக் கேப்பேன்? சாவப் பாத்துகினவ, கையோட பொருளயும் கேக்குறான்னு தெருவே சிரிக்கும். அதுவும் இல்லாம..." நிறுத்தினாள். "நீ ஓடியாந்து நின்னப்ப, கடசியா இன்னா சொன்னான்னு கேட்ட. உன் மூஞ்சியப் பாக்க முடியல. உன் பேரச் சொல்லிச்சின்னு சொல்லிட்டேன். கல்லக் குடுத்திச்சின்னு சொன்னா, அப்றம் இன்னா சொல்லிச்சின்னு கேப்ப. பொய்யி மாட்டிக்கும். அதான் பேசாம இருந்தேன். நேத்து பெட்டிக்கு அளவெடுக்கறாங்கன்ன ஒடனே மனசு தாங்கல. கய்ட்டிகினு வந்துட்டேன். பாய் மேல பழி வுழும்னு தோணல தம்பி. சத்தியமா தோணல. நீ வந்து சொன்னப்பதான் தெரிஞ்சிச்சி. சாய்ங்காலத்துக்குள்ள நானே வந்து சொல்லிட்ருப்பேன்."

பாரி கல்லைத் தொட்டான். வெயில் படாத கல், ஜில்லென்று இருந்தது. மாதக்கணக்கில் முதல் முறையாக எதுவோ கையில் படுவது அவனுக்குத் தெரிந்தது. எழில் போன அந்த மதியத்தை நினைக்கும்போதெல்லாம் அவன் ஒரு காலி அறையைத்தான் பார்த்துவந்திருக்கிறான். கட்டில், கூரை, தனியாக அவள். இப்போது அந்த அறையில் கட்டிலோரம் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கடலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், விளையாடிக்கொண்டிருந்தாள், தன் பொருளைத் தன் இஷ்டப்படி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கல்லைப் பவுனம்மாள் பக்கம் தள்ளினான்.

"உங்களுது. டீச்சருங்க கிட்ட நான் சொல்லிக்கறேன். பசங்க பாக்கணும்னா இங்க கூட்டிட்டு வரட்டும். அரிசி டின்ல வெக்காதீங்க."

"தம்பி..."

"அன்னிக்கு நீங்க இருந்தீங்களேக்கா. நான் அதை ஒரு நாளும் உங்ககிட்ட சொன்னதில்ல. இப்ப சொல்றேன். நீங்க இருந்தீங்க."

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான்கு மணி வேனுக்கு நேரமிருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

"என் பேரச் சொல்லலன்னா பரவாயில்ல. உண்மையா என்னக்கா சொன்னா?"

"அது ஒண்ணும் பெருசா இல்ல தம்பி. நீ மனசு கஷ்டப்படுவ."

"படமாட்டேன். சொல்லுங்க."

பவுனம்மாள் கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கல்லப் பத்தி சொல்லிட்டு கண்ண மூடிகினு இருந்திச்சி. நான் கஞ்சி கரச்சி எட்த்துகினு வந்தேன். உனுக்குத்தான் தெரியுமே, ஒரு மாசமா எத்தக் குடுத்தாலும் மண்ணு மாரி கீது, ருசியே இல்லன்னு துப்பிடும். அன்னிக்கு ஒரு வாய் வாங்கிச்சி. துப்பல. முழுங்கிட்டு மூஞ்ச சுளிச்சிச்சி, புளியங்கா கட்ச்ச கொயந்த மாரி. எனக்கு ஒரே சந்தோசம். அப்பால இன்னும் ஒரு வாய் குடுத்தேன், அதயும் முழுங்கிட்டு ஒருக்களிச்சிப் படுத்துகினுச்சி. தூங்குதுன்னுதான் நெனச்சேன். நடுவுல சொன்னதுதான் கடசி. அது சொன்ன மாரியே சொல்றேன்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, எழிலின் குரலைப் போலவே மெல்லச் சொன்னாள்.

"உப்பு ஜாஸ்தியாப் போச்சுக்கா. பரவால்ல, இன்னொரு வாய் குடுங்க."